ரத்தத்தில் மிச்சம் இருந்தது

வயிற்றுக்குள் இருந்த பிள்ளை தூங்குவதே இல்லை என்பது ஹெப்சிபாவுக்கு உறைத்தது ஓர் ஆகஸ்ட் மாத மத்தியானத்தில். சாப்பிட்ட ஏனங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, முன்னறையில் பாயை விரித்து இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தாள். ராஜபாளையத்தின் அந்தத் தெருவில் அந்நேரத்துக்கு ஆள் நடமாட்டம் இருக்காது. எதிர்க் காலிமனையில் பேண்டேஜ் துணியை நீளநீளமாகக் கயிற்றில் காயப்போட்டிருந்தார்கள். காற்று செத்துப்போயிருந்ததால் அந்த வெள்ளைத் துணிகள் ஒரு மடிப்புகூட அசையாமல் தொங்கின, வெளுக்கப் போட்ட மருந்தின் காரநெடி மட்டும் ஜன்னல் வழியாக வந்து அடித்தொண்டையில் உட்கார்ந்துகொண்டது, தூரத்து மில்லின் இரைச்சல்கூட வெயிலில் மழுங்கி, பக்கத்து வீட்டில் யாரோ மாவு அரைப்பதுபோலக் கேட்டது. ஊரே அடங்கிக் கிடந்த வேளையில் அவள் வயிறு மட்டும் அடங்கவில்லை.

உதைப்பதாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். ஒரு உதை, ஒரு புரளல், பிறகு செத்த நேரம் ஓய்வு என்றுதான் பிள்ளை பெற்றவர்கள் எல்லோரும் சொல்லியிருந்தார்கள். இது ஓயவில்லை. விலாவுக்குக் கீழிருந்து இடுப்புவரை, இடுப்பிலிருந்து திரும்ப விலாவுக்கு, சின்ன அறையில் அடைபட்ட ஆள் சுவருக்குச் சுவர் நடப்பதுபோல நடந்துகொண்டே இருந்தது. அவள் உள்ளங்கையை வயிற்றின்மேல் வைத்தாள். அந்த நடைக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. மெல்லிய, விடாத ஒரு நடுக்கம்.

அந்த நடுக்கம் அவளுக்குப் பழக்கமானது.

மாமியார் பரிபூரணம் அடுப்படியிலிருந்து தலையை நீட்டினாள். "என்னட்டி, படுத்துட்டு முழிச்சிக்கிட்டு கெடக்க?"

"பிள்ள ஓயாம அசையுது அத்த. காலையிலருந்து."

"அசைஞ்சா நல்லதுதான. என் வயித்துல ஜோயலும் அப்படித்தான், ஒரு நிமிசம் சும்மா கெடக்க மாட்டான். துருதுருன்னு பெறக்கும் பாரு." பரிபூரணத்தின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். கல்யாணமாகி எட்டு வருஷம், நடுவில் ஒரு கரு கலைந்து, அதன்பின் வந்து நிற்கிற ஏழாம் மாதம் இது. அந்த முகத்தைப் பார்த்ததும் ஹெப்சிபா தூங்கப்போவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே நடை அவளுக்குள் இருந்தது.

அப்போது அவள் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் பொட்டலம் கட்டும் பிரிவில் வேலை பார்த்தாள். முதலில் கைதான். துணிச்சுருளை உறைக்குள் நுழைக்கப் போனால் விரல் நுனி ஆடும். பிறகு வேர்வை, மார்கழிக் குளிரில் முதுகோடு ஒட்டிப்போன ஜாக்கெட். மூன்று ஆள் சோற்றைச் சாப்பிட்டும் கை மெலிந்து வளையல் முழங்கைக்கு ஏறியது. கண்ணாடியில் பார்த்தால் கருவிழிக்கு மேலே ஒரு வெள்ளை விளிம்பு தெரிந்தது. இதெல்லாம்கூடத் தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாதது அந்த உந்துதல். உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சொல்லும். எழுந்தால் நடக்கச் சொல்லும். அடுப்படியிலிருந்து வாசல், வாசலிலிருந்து அடுப்படி. பின்கழுத்தில் கையை வைத்து யாரோ தள்ளுகிறார்கள், திரும்பினால் ஆள் இல்லை. சர்ச்சில் முழங்கால் போட்டு ஜெபிக்கும்போது எல்லோரும் கண்மூடி இருக்க, இவள் மட்டும் எழுந்து கதவுப்பக்கம் போய் நின்றிருக்கிறாள். பரிபூரணம் பேய்தான் பிடித்துவிட்டதோ என்று பயந்துபோய் தளவாய்புரத்தில் ஓர் உபவாச ஜெபத்துக்கு அழைத்துப் போனாள். அங்கே ஒருவர் தலையில் கைவைத்து அதட்டியபோது ஹெப்சிபாவின் இதயம் அடித்த அடியில் கழுத்துச் சங்கிலி குதித்தது.

அதைத் தைராய்டு என்று கண்டுபிடித்துச் சொன்னவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் மாலை நேரம் பார்க்கும் டாக்டர் எலினா. மாத்திரைக்கு அடங்கவில்லை. மதுரையில் வைத்துச் சுரப்பியை முழுதாக எடுத்தார்கள். மயக்கம் தெளிந்து சில நாள் கழித்து ஒரு காலையில் விழித்தபோது உடம்புக்குள் இருந்த அமைதியைக் கேட்டு அவள் தேம்பித் தேம்பி அழுதாள். வலிக்கிறதாக்கும் என்று ஜோயல் நர்ஸைக் கூப்பிட ஓடினான். அன்றிலிருந்து தினம் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. கழுத்தில் நகக்கீறல்போல ஒரு தழும்பு. அவ்வளவுதான், போய்விட்டது என்று இருந்தாள்.

இப்போது அவள் உடம்பு அமைதியாகத்தான் இருந்தது. நாடி நிதானமாக அடித்தது. கை ஆடவில்லை. நடப்பது அவள் இல்லை.

அடுத்த நாட்களில் அவள் என்னென்னவோ செய்து பார்த்தாள். குளிர்ந்த நீர் குடித்தாள். வயிற்றைத் தடவிக்கொண்டே பாட்டுப் பாடினாள். ராத்திரி ஜோயலின் மூச்சு சீராகிப் போன பிறகும் அசையாமல் கிடந்து காத்திருந்தாள், ஒருவேளை நான் அடங்கினால் அதுவும் அடங்கும் என்று. அடங்கவில்லை. வழக்கமாகப் பார்க்கும் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருந்தது. வயிற்றில் கருவியை வைத்துப் பிள்ளையின் துடிப்பைக் கேட்ட நர்ஸ் மட்டும் ஒரு நொடி புருவத்தைச் சுருக்கி, "படி ஏறி வந்தீங்களாக்கா? வேகமா இருக்கு," என்றாள். ஹெப்சிபா அதுவரை ஒரு மணி நேரமாக வெளியே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கருவியிலிருந்து வந்த சத்தம் அவளோடு வீட்டுக்கு வந்தது. ஈரத் துணியை யாரோ அவசர அவசரமாக உதறுவதுபோன்ற சத்தம்.

வீட்டில் சொல்லாமல் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனாள்.

டாக்டர் எலினா அதிகம் பேசாதவர். கழுத்துத் தழும்பைத் தடவிப் பார்த்தார். துடிப்பைக் கேட்டார். கேட்டுக்கொண்டே இருந்தார். ரத்தம் எடுத்து மதுரைக்கு அனுப்பி, ஸ்கேனுக்கும் எழுதிக் கொடுத்து, முடிவு வந்ததும் புருஷனையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்.

ஜோயல் மில்லில் ஃபிட்டர். இயந்திரம் என்றால் காது கொடுத்துக் கேட்பான், டாக்டர் என்றால் தலையை ஆட்டிக்கொண்டே இருப்பான். அன்றைக்கு அவன் தலை ஆடவில்லை.

"ஸ்கேன்ல பிள்ளையோட கழுத்துல வீக்கம் தெரியுது," என்றார் டாக்டர். "பிள்ளையோட தைராய்டு பெருசாகியிருக்கு. ரொம்ப வேகமா வேலை செய்யுது."

"அவளுக்குத்தான் அத எடுத்தாச்சே டாக்டர்," என்றான் ஜோயல்.

"சுரப்பியத்தான் எடுத்தாங்க." டாக்டர் ஹெப்சிபாவைப் பார்த்துப் பேசினார். "மூளைக்கு அடியில ஒரு சுரப்பி இருக்கும்மா. அது ஒரு ஹார்மோன அனுப்பும். தைராய்டுல ஒவ்வொரு செல்லு மேலயும் அத வாங்கிக்கிடறதுக்குன்னே ஒரு ஏற்பி இருக்கு. ஹார்மோன் வந்து அதுல உக்காந்தா தைராய்டு வேலை செய்யும். போதும்னா மூளை அனுப்புறத நிறுத்திரும். கிருமிய அழிக்க உடம்பு ஒரு எதிர்ப்புப் பொருள் தயார் பண்ணுமில்லையா, உங்க உடம்பு அத அந்த ஏற்பிக்கு எதிரா தயார் பண்ணிருச்சு. அது வந்து ஹார்மோனோட எடத்துல உக்காந்துக்கிடும். தைராய்டுக்கு வித்தியாசம் தெரியாது. உத்தரவு வந்திருக்குன்னு ஓடும். நிறுத்தச் சொல்ல ஆள் கிடையாது."

"இப்பதான் எனக்கு அது இல்லையே," என்றாள் ஹெப்சிபா.

"உங்க ரத்தத்துக்கு அது தெரியாதும்மா. சுரப்பி போனப்புறமும் உடம்பு அந்த எதிர்ப்புப் பொருளச் செஞ்சுக்கிட்டேதான் இருந்திருக்கு. சாதாரணமா இருக்கக்கூடிய அளவவிடப் பல மடங்கு இருக்கு. உங்களுக்குச் சுரப்பி இல்ல, அதனால ஒன்னும் தெரியல. தாய்கிட்ட இருக்குற எதிர்ப்புச் சக்திய நஞ்சுக்கொடி பிள்ளைக்கு அனுப்பும். எல்லாத் தாய்க்கும் அப்படித்தான். பிள்ளைக்கு நல்லதுன்னுதான் அனுப்புது."

ஜோயல் ஏதோ கேட்டான். டாக்டர் ஏதோ பதில் சொன்னார். வெளியே தேர் வீதியில் பால்கோவா கிண்டும் வாசனை காற்றில் வந்துகொண்டிருந்தது, காய்ந்த பாலும் சர்க்கரையும் அடிப்பிடிக்கிற அந்தக் கனத்த வாசனை அறை முழுக்க நிறைந்தது. மூன்று வருஷம். அவள் சோறு வடித்தபோதும், சர்ச்சில் பாடியபோதும், ஜோயலின் தோளில் தலைவைத்துத் தூங்கியபோதும், அது அவளுடைய ரத்தத்தில் சுற்றிக்கொண்டு இருந்திருக்கிறது. கழுத்துக்குப் போய் இடத்தைத் தேடியிருக்கும். இல்லை என்று திரும்பியிருக்கும். மறுபடி போயிருக்கும். களைக்காமல், கோபப்படாமல், ஒவ்வொரு துடிப்புக்கும் ஒருமுறை.

இப்போது அதற்கு ஓர் இடம் கிடைத்திருக்கிறது.

மாத்திரை கொடுத்தார்கள். "இது உங்களுக்கு இல்ல, பிள்ளைக்கு," என்றார் டாக்டர். "நீங்க முழுங்கினா அவளுக்குப் போய்ச் சேரும்." தெரியாமல் அவள் என்று சொல்லிவிட்டார், பிறகு பேச்சை மாற்றினார். ஹெப்சிபா விழுங்கினாள். நாட்கள் போகப்போக வயிற்றுக்குள் நடை தளர்ந்தது. முதன்முதலாக ஒரு மத்தியானம் பிள்ளை ஓர் உதை உதைத்துவிட்டு ஓய்ந்தபோது, அந்த ஓய்வைக் கலைத்துவிடக் கூடாதென்று பாத்ரூம்கூடப் போகாமல் சாயங்காலம்வரை படுத்திருந்தாள்.

அக்டோபரில், நாள் நிறையுமுன்னே, ஸ்ரீவில்லிபுத்தூரில் வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்தார்கள். பெண். கைக்கடக்கமாக, சின்னதாக, அமைதியாக. சுருட்டி வைத்த துணிக்குள் சாந்தமாகத் தூங்கியது. பரிபூரணம் ஸ்தோத்திரம் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போனாள்.

டாக்டர் எலினா மட்டும் சிரிக்கவில்லை. "இப்ப அவ அமைதியா இருக்கறது நீங்க சாப்பிட்ட மருந்தால. அது சீக்கிரம் அவ உடம்ப விட்டுப் போயிரும். உங்ககிட்டருந்து போனது அப்படிப் போகாது. மூணு நாலு மாசம் கெடந்துதான் கரையும். மருந்து போற நேரத்துல பக்கத்துலயே இருந்து பாக்கணும். இங்கயே இருங்க."

இருந்தார்கள். முதல் ரத்தப் பரிசோதனை நன்றாக வந்தது. அடுத்த நாளும் பிள்ளை தூங்கியது. வார்டில் மூட்டை முடிச்சோடு கிடந்து பரிபூரணத்துக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. "பிள்ள நல்லாத்தான இருக்கு. அவிய படிச்சவிய, எதையும் பெருசாத்தான் சொல்லுவாவ. வீட்டுல வச்சுப் பாத்தா ஆகாதா? சோதனைக்கு வேணும்னா கூட்டிட்டு வந்துருவோம்." ஜோயல் ஹெப்சிபாவைப் பார்த்தான். வேண்டாம் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். துணிக்குள் அந்த முகம் எவ்வளவு அடங்கியிருந்தது. அவளுக்கும் நம்பத்தான் ஆசையாக இருந்தது. டாக்டர் இல்லாத நேரத்தில், எங்கள் பொறுப்பு என்று வேறு ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு அவளால் உட்கார முடியவில்லை. தொட்டிலைச் சுற்றி வந்தாள். தையல் இழுத்தது, நின்றாள், மறுபடி நடந்தாள். பிள்ளையின் நெற்றியைத் தொட்டாள், கழுத்தைத் தொட்டாள், மூக்கருகே விரலை வைத்தாள். பழையது தனக்கே திரும்பிவிட்டதோ என்று நாடியைப் பிடித்துப் பார்த்தால் அது நிதானமாக அடித்தது. இது வெறும் பயம். வெறும் பயம்தான் என்று தெரிந்ததில் அவளுக்கு ஓர் ஆறுதலும் இல்லை.

மலைப்பக்கமிருந்து மழை இறங்கிய ஒரு சாயங்காலம், பரிபூரணம் மூன்று தெரு தள்ளி வீட்டுக்கூட்ட ஜெபத்துக்குப் போயிருந்தாள். ஜோயல் மில்லில். குளிர்ந்த காற்று வந்து ஜன்னல் திரையைத் தூக்கிப் போட்டது, மண்வாசனை வந்தது, எதிர்மனையில் யாரோ பேண்டேஜ் துணிகளை அள்ளிக்கொண்டு ஓடும் காலடிச் சத்தம் கேட்டது, பிறகு ஓடு முழுக்க மழை. கரண்ட் போனது. காற்றாடி தளர்ந்து, தளர்ந்து, நின்றது.

மழை கொஞ்சம் ஓய்ந்தபோது தொட்டிலிலிருந்து ஒரு சத்தம் கேட்டது.

அழுகை இல்லை. மூச்சு. ஓடி வந்தவர் விடுகிற மூச்சு.

அவள் தொட்டில் துணியை விலக்கிக் கையை உள்ளே விட்டாள். சட்டை நனைந்திருந்தது. மழைச்சாரலாக இருக்கும் என்று முதலில் நினைத்தாள். ஆனால் நனைவு சூடாக இருந்தது. அந்தக் குளிரில் பிள்ளையின் தலைமுடி நெற்றியில் அப்பிக் கிடந்தது. புளித்த பாலும் வேர்வையும் கலந்த வாடை. மத்தியானத்திலிருந்து பிள்ளை மூன்று முறை பால் குடித்திருந்தது. ஆனாலும் வயிறு ஒட்டியிருந்தது.

கால்கள் அசைந்துகொண்டிருந்தன. மாறி மாறி. தூக்கிப் பிடித்தபோதும் அவை நிற்கவில்லை, காற்றில் மிதித்தன.

அவள் பிள்ளையின் மார்பில் கையை வைத்தாள்.

நடுக்கம்.

எண்ண முயன்றாள். எண்ண முடியவில்லை. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் இடமே இல்லை.

"என்னங்க," என்றாள் போனில். "வந்துருச்சு."

"என்னட்டி சொல்லுத? யாரு?"

அவள் போனைப் பிள்ளையின் மூச்சருகே கொண்டுபோய்ப் பிடித்தாள். போனை அவன் வைக்கவில்லை. இரைச்சலுக்கு நடுவே அவன் ஓடுவது கேட்டது. பிறகு இருட்டில் அவளும் பிள்ளையும் மட்டும். தண்ணீர் சொட்டும் சத்தம். மூச்சு. மூச்சு. மூச்சு. அவள் அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தாள். பிள்ளையின் கால்கள் அவள் விலாவில் அதே வேகத்துக்கு மிதித்தன. அவள் நின்றாள். அவை நிற்கவில்லை.

ஜோயல் தெருக்கோடி வேல்பாண்டியின் ஆட்டோவோடு வந்தான். டாக்டர் எலினாவுக்குப் போன் போட்டாயிற்று, நேராக ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார், அவரும் வருகிறார் என்றான். பரிபூரணத்துக்குச் சொல்லக்கூட நிற்கவில்லை.

ஊரைத் தாண்டியதும் ரோடு இருட்டாக இருந்தது. மழை சாய்ந்து அடித்தது. வேல்பாண்டி முன்னால் குனிந்து துணியால் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஓட்டினான். இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு கறுப்பாக வந்துகொண்டே இருந்தது. ஜோயல் அவள் தோளைப் பிடித்திருந்தான்.

பாதி வழியில் பிள்ளையின் கால்கள் நின்றன.

ஹெப்சிபா உறைந்துபோனாள். பிள்ளையின் மார்பில் வைத்த கையை அழுத்தினாள். உள்ளே துடிப்பு ஓடிக்கொண்டுதான் இருந்தது. நிற்கவில்லை.

எதிரே ஒரு லாரி வந்தது. வெளிச்சம் ஆட்டோவுக்குள் விழுந்து பிள்ளையின் முகத்தில் ஊர்ந்து விலகியது. ஜோயல் குனிந்து பார்த்தான்.

"முழிச்சிருக்கா," என்றான். "ஹெப்சி, பாரு. நம்மளத்தான் பாக்கா."

ஆமாம் என்று அவள் சொல்லப்போனாள்.

அடுத்த வெளிச்சம் வந்தது. பிள்ளையின் உதடுகள் இல்லாத பாலை உறிஞ்சின. விரல்கள் விரிந்து தளர்ந்து கிடந்தன. கழுத்து துவண்டிருந்தது. மூச்சில் ஒரு சின்னக் கரகரப்பு, தூங்கும் பிள்ளைகளுக்கு வருகிற கரகரப்பு.

"முழிக்கல," என்றாள். "தூங்கிக்கிட்டுதான் இருக்கா."

ஜோயல் பிள்ளையின் கண்களுக்கு முன்னால் விரலை ஆட்டிப் பார்த்தான்.

அவள் உள்ளங்கையை திறந்திருந்த அந்தக் கண்களின்மேல் வைத்தாள். இமைமயிர் கையில் உரசியது. மெதுவாகக் கீழே இழுத்தாள். இமைகள் வந்தன. அப்படியே பிடித்துக்கொண்டாள். வன்னியம்பட்டிக்குப் பிரியும் விலக்கு வந்தது. போனது. ஊர் விளக்குகள் தெரியும்வரை பிடித்திருந்தாள்.

கையை எடுத்தாள்.

இமைகள் தானாக ஏறின. அவசரமில்லாமல். கருவிழி முழுதும் தெரிந்து, அதற்கு மேலே ஒரு வெள்ளை விளிம்பும் தெரியும்வரை ஏறி, அங்கே நின்றன. இன்னொரு லாரியின் வெளிச்சம் நேராக விழுந்தது. சிமிட்டவில்லை.

பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. கண்கள் ஹெப்சிபாவையே பார்த்துக்கொண்டிருந்தன, நெடுநாள் பழகிய ஒருவரைப் பார்ப்பதுபோல.